நினைவாக என்று வாசித்தவன்

அலுவலகத்தில் கோயில் பயணம் என்று பொய் சொல்லித்தான் ஐந்து நாள் லீவு வாங்கினேன். பணிப்பாளர் நம்பிவிட்டார். "எனக்கும் சேர்த்துக் கும்பிடும்" என்றார். வீட்டில் அண்ணியிடமும் அதே பொய்தான். அவர் விபூதி கொண்டுவரச் சொல்லி ஒரு சின்ன டப்பா தந்தார். மைசூரில் வந்து இறங்கியபோது என் பையில் இரண்டு சேர்ட், ஒரு வெறும் டப்பா, ஒரு கடிதம் இருந்தன.

நான் கொழும்பில் வானொலி அறிவிப்பாளன். அதிகாலை ஐந்தே காலுக்குப் பக்திப் பாடல் நிகழ்ச்சி என்னுடையது. அந்த அலைவரிசை கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கும், அதைத் தாண்டிக் கர்நாடகத்தின் ஓரங்களுக்கும் கேட்கும். பகலில் கேட்காது, விடியும் முன்னர் நன்றாகக் கேட்கும். கடிதம் அங்கிருந்துதான் வந்திருந்தது.

"ஐயா, வணக்கம். போன மாதம் வெள்ளிக்கிழமை உங்கள் ரேடியோவில் எங்கள் வீட்டுக்காரர் கௌதள்ளி மாதையன் நினைவாக என்று சொன்னீர்கள். அவர் எந்த ஊரில் இறந்தார், என்ன தேதி, உங்களுக்கு யார் சொன்னது என்று தயவுசெய்து எழுதவும். காரியம் செய்யத் திதி வேண்டும். இப்படிக்கு, ராசம்மா, அக்ரஹாரம், மைசூர்." கீழே மகள் கவிதாவின் போன் நம்பர்.

திதியாம்! எனக்கு எப்படித் தெரியும்? மாதையன் இறந்தாரா இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் வாசித்தேன்.

முதல்நாள் மைசூரில் நான் ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டேன், அவ்வளவுதான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் ஒரு தோசை தந்தார்கள். உள்ளே பூசிய சிவப்புச் சட்னி, மேலே ஒரு கட்டி வெண்ணெய். சாம்பாரில் வெல்லம். எங்கள் ஊரில் சாம்பார் இனித்தால் சமைத்தவரைக் கூப்பிட்டுச் சண்டை பிடிப்போம். இங்கே எல்லோரும் அமைதியாகக் குடித்தார்கள். இரண்டாம் கிண்ணத்தில் எனக்கும் பிடித்துவிட்டது. பக்கத்து மேசையில் ஒரு கிழவர் சர்வரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று சர்வரைக் கேட்டேன். "வெளியூர்க்காரருக்கு வெண்ணெய் குறைச்சு வச்சிட்டே, இன்னும் கொஞ்சம் வைன்னாரு" என்றான். அந்த அன்பு அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. நான் என்ன காரியத்துக்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்திருந்தால் இருந்த வெண்ணெயையும் வழித்து எடுத்திருப்பார்கள்.

அரண்மனைக்குப் போகிறீர்களா என்று கேட்காத ஓட்டோக்காரர் இல்லை. இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அறைக்குத் திரும்பி மறுநாள் சொல்லவேண்டியதைத் தாளில் எழுதிப் பார்த்தேன். இருபது வருடமாக அடுத்தவர் எழுதியதை வாசித்தே பிழைத்தவன். சொந்தமாக நாலு வரி வரவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் நிகழ்ச்சியில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு உபயகாரர் உண்டு. கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்னார் உபயம் என்போமே, அதே போல. ராசம்மாவின் வெள்ளிக்கிழமை வரி எனக்குப் பாடம். "இன்றைய பாடல் உபயம், கௌதள்ளி மாதையன் அவர்களின் நலம் வேண்டி, மனைவி ராசம்மா, அக்ரஹாரம், மைசூர்." நாலு வருடம் வாசித்தேன். மாதையனுக்கு நீரிழிவோ வாதமோ ஏதோ என்று நினைத்திருந்தேன்.

பிறகு விதி வந்தது. எல்லை தாண்டிக் கேட்கும் சமய நிகழ்ச்சிகளில் வெளிநாட்டவரின் விளம்பரம் கூடாது. விதியைக் குறை சொல்லமாட்டேன். ரேடியோவில் தோஷம் கழிக்கிறேன், தாயத்து அனுப்புகிறேன், காணிக்கை அனுப்புங்கள் என்று நம்பர் சொல்லி ஏழைச் சனத்தை மொட்டையடித்த கூட்டம் இருந்தது. அவர்களை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் 'உபயம்' என்ற சொல்லை மொழிபெயர்த்தவர் ஸ்பொன்சர் என்று எழுதிவிட்டார். முடிந்தது கதை. பெயர், ஊர், வேண்டுதல் மூன்றும் சேர்ந்தால் விளம்பரமாம். மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும் மட்டும் விளம்பரம் ஆகாது.

ராசம்மாவின் வெள்ளிக்கிழமையைக் காப்பாற்ற நினைத்தேன். சத்தியமாக நல்லெண்ணம்தான். 'நலம் வேண்டி'யை வெட்டி 'நினைவாக' என்று எழுதினேன். எதற்கு வம்பு என்று முகவரியையும் வெட்டினேன். ஒரு நிமிட வேலை. வாசித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

இதைச் செய்தவன் யார் தெரியுமா? என் அண்ணன் காணாமல் போனவர். எங்கள் ஊரில் அப்படிப் போனவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் குந்தியிருக்கும் பெண்களில் என் அண்ணியும் ஒருத்தி. அண்ணனைப் பற்றி அண்ணிக்கு முன்னால் இறந்தகாலத்தில் கதைக்க எனக்கு இன்றுவரை துணிவில்லை. "அண்ணனுக்குக் கத்தரிக்காய் பிடிக்கும்" என்றுதான் சொல்வேன், "பிடித்தது" என்று அல்ல. அப்படிப்பட்ட நான்தான் வேறொரு வீட்டில் ஒருவரை ஒரு நிமிடத்தில் சாகடித்தேன். வெட்கம் கெட்டவன்.

இரண்டாம் நாள் காலை கவிதாவுக்குப் போன் செய்தேன். ரேடியோவிலிருந்து என்றதும், "நஞ்சுமளிகெ சர்க்கிள்ல எறங்கி கால் பண்ணுங்க சார். அங்கிருந்து நடக்கற தூரம்தான்" என்றாள்.

பஸ் நிலையத்தில் நான் "நஞ்சு..." என்று தொடங்குவதற்குள் ஒரு கண்டக்டர், "நஞ்சன்கூடா? ஹத்தி, ஹத்தி" என்று முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டார். ஊருக்குள்ளே பத்து நிமிடம் என்று விடுதியில் சொன்னார்களே, பஸ் வயலும் தென்னந்தோப்புமாகப் போய்க்கொண்டே இருந்தது. கேட்டபோது கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். நஞ்சுமளிகெ என்பது மைசூருக்குள்ளே ஒரு முச்சந்தி. நஞ்சன்கூடு தனி ஊர், கோயில் ஊர். "சாமி கூப்பிட்டிருக்கு சார், கும்பிட்டுட்டு வாங்க" என்று உடைந்த தமிழில் சொல்லி இறக்கிவிட்டார்.

கும்பிட்டேன். டப்பாவில் விபூதியும் வாங்கிக்கொண்டேன். பணிப்பாளருக்கும் அண்ணிக்கும் சொன்ன பொய்யில் பாதி உண்மையாகிவிட்டது. கபினி ஆற்றில் ஆட்கள் படித்துறையில் நின்று முங்கினார்கள். ரசபாளை என்று ஒரு வாழைப்பழம் வாங்கித் தின்றேன். எங்கள் கதலியைத் தூக்கிச் சாப்பிடும் பழம். இதை ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை, ஆனாலும் உண்மை அதுதான்.

தேநீர்க் கடையில் "ஒரு தேத்தண்ணி" என்றதும் காவலாளி உடுப்பில் நின்ற ஒருவர் சட்டென்று திரும்பினார். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துக்காரர், இங்கே ஏதோ ஃபேக்டரியில் வேலை. "ஏனுங்க, இன்னொருக்கா பேசுங்க" என்றார். பேசினேன். "அட, காலைல அஞ்சே கால் மணிக்காரரு! எங்கய்யன் உங்க ரேடியோவக் கேட்டுத்தான் கடியாரத்துல மணி திருப்புவாரு. ஊர்ல எவன் வேணா தப்புச் சொல்லுவான், அவங்க சொல்லமாட்டாங்கம்பாரு."

அவர்தான் தேநீருக்குக் காசு கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.

நஞ்சுமளிகெ வந்து சேரப் பகல் ஒரு மணி. கவிதா ஸ்கூட்டருடன் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே என்னோடு நடந்தாள். அக்ரஹாரம் பழைய தெரு. பூக்கடை, கோயில், வெண்கலப் பாத்திரக் கடை, மறுபடியும் கோயில். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே யாரிடமோ, "அவங்க வீட்டுக்காரர் ஹோகிபிட்ரந்தே, அதுக்கு யாரோ வந்திருக்காங்க" என்றாள்.

"ஹோகிபிட்ருன்னா?" என்று கவிதாவைக் கேட்டேன்.

"போயிட்டாருன்னு. ஊரை விட்டுப் போனாலும் அதேதான், செத்தாலும் அதேதான். நம்ம தமிழ்லயும் அப்படித்தானே?" என்றவள் நின்றாள். "அப்பா எந்த ஊர்ல சார் போனாரு?"

தெருவில் வைத்தே சொல்லிவிட்டேன். எழுதிப் பார்த்த தாள் பையிலேயே கிடந்தது. எனக்கு எதுவும் தெரியாது, ஒரு சொல்லை நான் மாற்றினேன், விதிக்காக மாற்றினேன் என்றேன். கவிதா ஸ்கூட்டரை நிறுத்தி அதன்மேல் சாய்ந்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மாகிட்டச் சொல்லாதீங்க சார்" என்றாள். "அன்னைக்கு ரேடியோ கேட்டுட்டு ஊர்லருந்து பெரியப்பா எல்லாம் வந்துட்டாங்க. உங்க பதில் வரல, திதி தெரியலன்னு அமாவாசைல காரியம் பண்ணிட்டாங்க. அப்பா துண்டை வச்சுத்தான் பண்ணாங்க. அம்மா மூணு நாள் அழுதாங்க. ஆனா அப்புறம் தூங்குனாங்க சார். பதினோரு வருஷமா கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டாங்க, அப்பா வந்தா தட்டவேண்டாம்னு. இப்பப் போடறாங்க. ஏதாவது ஒரு ஊர் பேரு சொல்லுங்க, சாகு. ப்ளீஸ்." 'சாகு' என்றால் கன்னடத்தில் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

சரி என்றேன். சரி என்று சொல்லித்தான் உள்ளே போனேன்.

ராசம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்காது. நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டு இருந்த இடத்தில் வெளிறிய ஒரு வட்டம். அது நான் அழித்த பொட்டு.

"வாங்க சாமி, உக்காருங்க. அத்தன தூரத்துல இருந்து வந்தீங்களா?" என்று தண்ணீர் தந்தார். என் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "இதே கொரலுதானுங்க!" என்று மகளிடம் சொன்னார்.

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். ஊர் ஹனூருக்குப் பக்கத்துக் கௌதள்ளி. மாதையனுக்குக் காலையில் எங்கள் ரேடியோ கேட்காவிட்டால் பொழுது விடியாது. ஒருநாள் பாட்டு கம்மிவிட்டது. "பாட்டரி தீந்துபோச்சு, ஹனூர் போயி வாங்கிட்டு வந்துர்றேன்" என்று ரேடியோவையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பியவர்தான். வீட்டில் சண்டை இல்லை, வெளியில் தொல்லை இல்லை. ஏன் போனார் என்று இன்றைக்கும் தெரியாது. பிறகு கவிதாவின் வேலைக்காகக் குடும்பம் மைசூருக்கு வந்தது.

"ஊடு மாறுனது அவருக்குத் தெரியாதுங்களே. எங்க இருந்தாலும் பாட்டரி வாங்கியிருப்பாரு, அஞ்சே காலுக்கு உங்களத்தான் கேப்பாரு. அதுக்குத்தானுங்க அக்ரஹாரம், மைசூருன்னு உங்களச் சொல்லச் சொன்னது. சாமிக்குன்னு நெனச்சுட்டீங்களா?"

ஆமாம், சாமிக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த முகவரியைத்தான் வெட்டி எறிந்தேன்.

"இப்பச் சொல்லுங்க. எந்த ஊருங்க? கடைசில யாராச்சும் தண்ணி குடுத்தாங்களா?"

கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருச்சி என்று வாயில் வந்தது. ஆசுபத்திரி, காய்ச்சல், நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருந்தார்கள் என்றுகூட வந்தது. எந்த வரியையும் தடுக்காமல் வாசிக்கத் தெரிந்த வாய்தான் என்னுடையது. ஆனால் அண்ணியிடம் ஒருவன் வந்து இப்படிச் சொன்னால் அவன் கழுத்தை நெரிப்பேன். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன்.

கவிதா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

தெருவில் ஒருவன் கீரை விற்றுக்கொண்டு போனான். "அப்ப அவரு இருக்காருங்களா?" என்று ராசம்மா கேட்டார்.

"தெரியாது அம்மா."

"செத்துட்டாருங்களா?"

"அதுவும் தெரியாது."

"தெரியாமயா சொன்னீங்க?" என்றார். சத்தம் போடவில்லை. "ஊரே உங்கள நம்புதுங்களே."

அழுதேன். அவர் வீட்டில் போய் உட்கார்ந்து நான் அழுதது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் நிற்கவில்லை. அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைக்க வந்து, பாதியில் கையை இழுத்துக்கொண்டார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இருந்தது. அவசரத்தில் சற்றுக் கோணலாக வைத்திருந்தார்.

"சாப்புட்டுப் பேசலாம்" என்றார். ராகிக் களி உருண்டை, அவரைப் பருப்புக் குழம்பு. களியை மெல்லக்கூடாது, குழம்பில் புரட்டி விழுங்கவேண்டும் என்று சொல்லித் தந்தார். எங்கள் ஊர்ப் பிட்டும் சொதியும் போல உதிராது, ஒரே வழுக்கு. நான் மென்றுவிட்டேன். "பல்லுல ஒட்டிக்கும், சொன்னனே" என்று அதட்டினார். கோபமெல்லாம் அந்த ஒரு அதட்டலில்தான் வந்தது.

நான் கை கழுவி வந்ததும் தொடங்கினார். "போனது போவட்டும். திருப்பி ரேடியோவுல சொல்லிருங்க. மாதையன் சாவல, தப்பா சொல்லிட்டம், அவரு பொண்டாட்டி அக்ரஹாரத்துல இருக்குதுன்னு."

"சொல்ல முடியாது அம்மா. பேரும் ஊரும் சேர்த்து, தேடுகிறோம் என்றாலே விளம்பரம் என்று நிறுத்திவிடுவார்கள்."

"உசுரோட இருக்கறவங்களப் பத்திச் சொல்லக்கூடாதுங்களா?"

"இப்போது கூடாது."

"செத்தா?"

"செத்தால் சொல்லலாம். மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள், ஆண்டு நினைவு, மூன்றுக்கும் தடையில்லை."

"செத்த ஊட்டுக்கு வர்றவங்களுக்கு வழி தெரியணுமே. ஊடு எங்கன்னு சொல்லுவீங்களா?"

"மரண அறிவித்தலில் முகவரி சொல்லுவோம். கடைசியில், தகவல் குடும்பத்தினர் என்று முடிப்போம்." கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் எங்கே போகிறார் என்று மடையன் எனக்குப் புரியவில்லை.

"அப்ப நான் செத்துட்டன்னு சொல்லுங்க" என்றார் ராசம்மா.

கவிதா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். "அம்மா!"

"சும்மா இரு கண்ணு. பாட்டரி வாங்கப் போனவரு நான் இருக்கற நெனப்புல சாவகாசமா இருக்காரோ என்னமோ. செத்துட்டன்னு கேட்டாலாவது வந்து பாப்பாருல்ல? வரலீன்னா நெசமாலுமே இல்லைன்னு நானும் தெரிஞ்சுக்கறேன். கௌதள்ளிக்காரங்களுக்கு நானே போன் போட்டுச் சொல்லிக்கறேன், சாவல, ரேடியோவுக்குத்தான் செத்தேன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு தாளை எடுத்து, "எப்படிப் படிப்பீங்களோ அப்படியே சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று என் முன்னால் உட்கார்ந்தார்.

நான் சொல்லச் சொல்லத் தன் மரண அறிவித்தலைத் தானே எழுதினார். நிறுத்தி நிறுத்தி, எழுத்துக்கூட்டி. 'காலமானார்' என்பதற்கு லகரம் எது என்று என்னைத்தான் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை பஸ் நிலையத்துக்கு என்னை வழியனுப்ப வந்தவள் கவிதா. முந்திய நாள் நான் உண்மையைச் சொன்னபின் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள். வேண்டாம் சார், அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். கிழிக்கவும் தயாராக இருந்தேன்.

பஸ் புறப்படும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "சார், கடைசில தகவல்னு சொல்லுவீங்கல்ல, குடும்பத்தினர்னு வேண்டாம். மகள் கவின்னு சொல்லுங்க. கவிதா இல்ல. கவி. அப்பா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாரு."

ஊர் வந்து சேர்ந்தேன். அண்ணி டப்பாவைத் திறந்து விபூதியை முகர்ந்து பார்த்து, "நல்ல வாசம்" என்று அண்ணனின் படத்துக்கு முன்னால் வைத்தார். படத்துக்கு மாலை போடுவதில்லை, விளக்கும் வைப்பதில்லை. பக்கத்தில் அவருடைய சீப்பு இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசித்தேன். பொய்தான். வேலைக்கே உலைவைக்கும் பொய். ஆனால் விதிப்படி அதில் ஒரு குறையும் இல்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "கௌதள்ளி மாதையனின் அன்பு மனைவி ராசம்மா காலமானார். இல்லம், அக்ரஹாரம், மைசூர். தகவல், மகள் கவி." பாட்டைப் போட்டுவிட்டுத் தலையை மேசையில் வைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குக் கவிதாவின் போனிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேசியது காலமான ராசம்மா.

"நல்லாக் கேட்டுச்சுங்க. ஆனா பேரு சொல்றப்பக் கொரலு நடுங்குது உங்களுக்கு. நடுங்குனா அவருக்குச் சந்தேகம் வந்துரும், நம்ம ஆளு கெட்டிக்காரரு. முப்பத்தொண்ணாம் நாளுக்குப் படிப்பீங்கல்ல, அப்ப நடுங்காமப் படிங்க சாமி. கதவு தொறந்துதான் வச்சிருக்கேன்."

நாளைக்கு முப்பத்தோராம் நாள். மைசூரிலிருந்து இதுவரை வேறு தகவல் இல்லை. இன்று பகல் முழுக்க வீட்டு முன்னறையில் இருந்து அந்த வரியை உரத்து வாசித்துப் பழகினேன். ஏழாவது தடவை கொஞ்சம் சரியாக வந்தது.

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆர் தம்பி மோசம் போனது?"

"ஒருத்தரும் சாகவில்லை அண்ணி" என்றேன்.